இரவு இருமலுக்கு எனக்குக் கைகொடுத்தவை

சளி விட்ட பிறகும் எனக்கு வறட்டு இருமல் மட்டும் நிற்கவில்லை. பகலில் பரவாயில்லை, படுத்தால் போதும், தொண்டையில் குறுகுறுப்பு ஆரம்பித்துவிடும்.

முதலில் மாற்றியது இரவுச் சாப்பாட்டு நேரத்தை. வயிறு நிறையச் சாப்பிட்டு உடனே படுத்தால் அமிலம் மேலேறி இருமலைக் கிளப்பும். அதனால் ஏழரைக்குள் குழைந்த சோறும் மிளகு ரசமும். புளியைக் குறைத்து, மிளகு, சீரகம், பூண்டு மூன்றையும் ஒன்றிரண்டாகத் தட்டிப் போட்டு, நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும். கொதிக்க விட்டால் மணம் போய்விடும். சூடாக ஒரு டம்ளர் உள்ளே போனால் தொண்டைக்கு அவ்வளவு இதம்!

அப்புறம், படுக்கும் முன் ஒரு ஸ்பூன் தேன். அதிகம் பலன் தந்தது இதுதான். ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. அதிமதுரமும் சொன்னார்கள், எனக்கு ரத்தக்கொதிப்பு உண்டு, அதற்கு அது ஆகாது என்பதால் தொடவில்லை. பஜ்ஜி, ஐஸ் தண்ணீர், ராத்திரி காபி எல்லாவற்றையும் நிறுத்தினேன். பாலை நிறுத்தவில்லை. பால் சளியை உண்டாக்குவதில்லை; மஞ்சள் போட்டு இளஞ்சூடாகக் குடித்தேன்.

சீக்கிரமே நிம்மதியாகத் தூங்க முடிந்தது. இருமல் 2 வாரம் தாண்டினாலோ, ரத்தம் வந்தாலோ கைவைத்தியத்தில் நாளைக் கடத்தாதீர்கள்; அரசு மருத்துவமனையில் காசநோயா என்று பார்க்கும் சளிப் பரிசோதனை இலவசம்.