சி மொழியில் மரம் அமைப்போம்: வட ஆற்காட்டை வேராக வைத்து

மரம் என்பது தரவை வேர், கிளை என அடுக்கி வைக்கும் அமைப்பு. பாடநூல்கள் பெரும்பாலும் இடது, வலது என்ற இரு கிளை மரத்தோடு தொடங்குகின்றன. நம் மாவட்டத்துக்கு அது போதாது. வட ஆற்காடு 1989இல் பிற்பாடு வேலூர் எனப் பெயர்பெற்ற மாவட்டமாகவும் திருவண்ணாமலையாகவும் பிரிந்தது. 2019இல் அந்த வேலூரே வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாயிற்று. பிள்ளைகளின் எண்ணிக்கை முன்கூட்டித் தெரியாத இடத்தில், ஒவ்வொரு கணுவிலும் (மரத்தின் ஓர் உறுப்பு; இங்கே ஒரு மாவட்டம்) முதல் பிள்ளைக்கு ஒரு பாயிண்டரும் (நினைவக முகவரியைத் தாங்கும் மாறி) அடுத்த உடன்பிறப்புக்கு ஒரு பாயிண்டரும் வைப்பதே நான் பரிந்துரைக்கும் வழி.

முதலில் ஸ்ட்ரக்ட், அதாவது பல தரவுகளை ஒன்றாகக் கட்டும் வகை. அதில் பெயரும் மேற்சொன்ன இரு பாயிண்டர்களும் இருந்தால் போதும். பெயரை 32 பைட் அணியாக அறிவிக்க வேண்டாம். எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட் தேவை. ‘திருவண்ணாமலை’ பார்வைக்கு 7 எழுத்துதான் என்றாலும் குறியீடுகள் 12. ஆகவே 36 பைட்டும் இறுதிச் சுழியத்துக்கு ஒன்றும் வேண்டும். பெயரை அணிக்குள் நகலெடுக்கும் ஸ்டிரிங்காப்பி (strcpy) எதையும் தடுக்காது. மிஞ்சிய 5 பைட்டும் அடுத்திருக்கும் பிள்ளைப் பாயிண்டரின் மீது எழுதப்படும். நிரல் அப்போது விழாமல், மரத்தை அச்சிடும்போது விழுவதால், பிழையை அச்சிடும் ஃபங்ஷனில் தேடிக்கொண்டிருப்போம். பெயரையும் பாயிண்டராக வைத்து, ஸ்டிரிங்லென் (strlen) தரும் பைட் அளவோடு ஒன்று கூட்டி மாலாக் (malloc) மூலம் நினைவகம் பெறுங்கள்.

கணுவை உருவாக்கும் ஃபங்ஷனில் இரு பாயிண்டர்களையும் உடனே நல் (NULL, எதையும் சுட்டாத நிலை) ஆக்குங்கள். மாலாக் தரும் நினைவகத்தில் பழைய குப்பை இருக்கலாம்.

பிள்ளையைச் சேர்க்க, பெற்றோரின் முதல் பிள்ளை நல் எனில் அங்கேயே பொருத்துங்கள். இல்லையெனில் கடைசி உடன்பிறப்பு வரை நடந்து அதன்பின் இணையுங்கள். அச்சிடுவது ரிகர்ஷன், அதாவது ஃபங்ஷன் தன்னையே அழைப்பது: பெயர், பிறகு ஆழத்தில் ஒன்று கூட்டி முதல் பிள்ளை, பிறகு அதே ஆழத்தில் உடன்பிறப்பு.

நினைவகத்தை விடுவிக்கும்போது பிள்ளையையும் உடன்பிறப்பையும் முடித்துவிட்டே பெயரையும் கணுவையும் ஃப்ரீ செய்ய வேண்டும். ஜிசிசி தொகுப்பியில் எல்லா எச்சரிக்கைகளையும் இயக்கித் தொகுத்து, நினைவகப் பிழைகளைக் காட்டும் வால்கிரைண்டில் ஓட்டிப் பாருங்கள்; லினக்ஸில் தொடங்குவோருக்கு அதைவிடத் தெளிவாக, விடுவிக்காமல் விட்ட நினைவகக் கசிவைக் காட்டும் கருவியை நான் கண்டதில்லை.

பின்சேர்க்கை: வேலூர்க் கிளையை மட்டும் நீக்க முயன்ற மாணவர்களுக்குத் திருவண்ணாமலையும் சேர்ந்து மறைந்துவிட்டது. விடுவிக்கும் ஃபங்ஷன் உடன்பிறப்புகளையும் தொடர்ந்து செல்வதே காரணம். வட ஆற்காட்டின் முதல் பிள்ளையாகத் திருவண்ணாமலையை மாற்றி, வேலூரின் உடன்பிறப்புப் பாயிண்டரை நல் ஆக்கிய பிறகே அந்த ஃபங்ஷனை அழையுங்கள்.