செத்த பயறுக்கும் ஒரு கட்டம் உண்டு

போன வாரம் நம் குமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் ஒரு பொதுத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். வீட்டுக்கு வீடு நாட்டு விதை கொடுத்து, எது எப்படி வருகிறது என்று அவரவரே நோட்டில் குறிக்கும் ஏற்பாடு. நோட்டைப் புரட்டினால், நான் புதிதில் அடித்த அதே கூத்து. தண்ணீர் விட மறப்பது, தேதி போட மறப்பது எல்லாம் தானாகச் சரியாகிவிடும், விடுங்கள்.

செத்ததை எழுதாமல் விடுவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல்தான். 8 வீடுகளில் இரண்டு வகைப் பயறு போட்டோம். நீளக்காய் 3 வீட்டில்தான் பிழைத்தது, வீட்டுக்கு 2 கிலோ. மற்ற 5 வீட்டில் ஆனி மழையில் தண்டு அழுகிப் போனது, "ஒண்ணும் வரல்லியே, என்னத்த எழுத?" என்று கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டார்கள், கொஞ்சம் கூச்சமும்தான். குட்டைக்காய் 8 வீட்டிலும் வந்தது, வீட்டுக்கு 1.25 கிலோ. நான் என்ன செய்தேன்? காலிக் கட்டங்களைத் தள்ளிவிட்டுச் சராசரி போட்டேன். 2 கிலோ பெரிதா, 1.25 பெரிதா? அடுத்த வருடம் எல்லோருக்கும் நீளக்காய் விதையே கொடுத்தோம், குட்டைக்காயை ஒருவரும் விதைக்கு நிறுத்தவில்லை, மழை வந்தது, நீளக்காய் மொத்தமாகப் போனது. அந்த ஐந்து பூஜ்ஜியத்தையும் சேர்த்து வகுத்திருந்தால் 750 கிராம்தான் என்று அன்றைக்கே தெரிந்திருக்கும். குட்டைக்காய் விதையை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பார்க்கவே இல்லை என்றால் கோடு போடுங்கள். செத்தது என்றால் 0 போட்டு, எந்த வாரம், மழையா பூச்சியா என்று பக்கத்தில் எழுதுங்கள். விதை வைத்திருப்பவருக்கு அந்த 0 தான் வேண்டும்.

பூசணி விதையை அப்படியே எடுப்பது

பக்கத்து வீட்டுப் பூசணியின் மகரந்தத்தைத் தேனீ கொண்டுவந்துவிடும். காய் பார்க்க அதே மாதிரிதான் இருக்கும்; அடுத்த வருடக் கொடியில்தான் குட்டு வெளிப்படும். விரியப்போகும் பெண்பூவை முந்தின நாள் சாயங்காலமே கட்டிவைத்து, அதே வகை ஆண்பூவையும் கட்டிவைத்து, காலையில் நீங்களே தொட்டுவிட்டு மறுபடி கட்டுங்கள். வாழைக்கு இந்தப் பாடு இல்லை. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் மட்டி வாழையைக் கன்று எடுத்து வைத்தால் அது மட்டிதான்.

ஒரே மழையோடு தீர்ப்பு

ஆனி, ஆடி மழையும் ஐப்பசி மழையும் இரண்டும் நமக்கு உண்டு. விளவங்கோட்டில் தாங்காதது தோவாளையில் தாங்கலாம். இரண்டு மழையும் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

பெயர் அட்டை

மார்க்கர் மை வெயிலில் போய்விடும். குளிர்பான டப்பாவை வெட்டி, தகட்டில் ஆணியால் கீறுங்கள்.

"ஒரு கூடை வந்தது"

தராசு.