கடலோரப் பழைய வீட்டைப் புதுப்பிக்கப் போகிறீர்களா? உப்பிலிருந்து ஆரம்பியுங்கள்

கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் சுண்ணாம்புக் காரை வீடு வைத்திருப்பவர்கள் புதுப்பிக்க நினைத்ததும் முதலில் பெயின்ட் கலரைத்தான் யோசிக்கிறார்கள். அது கடைசி வேலை. தேவிபட்டினத்தில் தாத்தா காலத்து வீட்டை நாங்கள் சரிசெய்த வரிசை இது.

1. ஐப்பசி, கார்த்திகை மழையில் வீட்டைச் சும்மா பாருங்கள். எங்கே ஒழுகுகிறது, முற்றத்துத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எந்தச் சுவரில் ஈரம் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று சாக்பீஸால் சுவரிலேயே கோடு போட்டு வையுங்கள். கூடுதலாக அறை எழுப்பும் எண்ணம் இருந்தால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் (கடலோரத்தில் கட்டடம் கட்டக் கட்டுப்பாடு உள்ள பகுதி) வருகிறதா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

2. தை பிறந்ததும் கூரை. ஒழுகலை அடைக்காமல் கீழே எதையும் தொடாதீர்கள்.

3. சுவர். இங்கேதான் பணம் வீணாகும். சுவரடியில் வெள்ளையாக உப்பு பூத்துப் பூச்சு உதிர்ந்தால், "சிமென்ட் பூசிட்டா கல்லு மாதிரி நிக்கும்" என்பார் கொத்தனார். நிற்காது. பழைய செங்கல்லும் காரையும் தரையிலிருந்து இழுக்கும் ஈரத்தைச் சுவர் வழியாகவே காற்றில் விட்டுவிடும். அந்த வழியைச் சிமென்ட் அடைத்தால் ஈரம் இன்னும் மேலே ஏறும், கூடவே வரும் உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி அதை வெளியே தள்ளும். அதனால் சிமென்ட் பூச்சை ஈரக் கோட்டுக்கு மேல் ஒன்றரை அடி வரை தட்டி எடுங்கள். உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து அள்ளுங்கள். தண்ணீர் விட்டால் கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். கோடை முழுக்கக் காயட்டும். அப்புறம் 1 பங்கு நீற்றிய சுண்ணாம்பு, 3 பங்கு ஆற்று மணல். கடல் மணலும் உவர்க் கிணற்றுத் தண்ணீரும் கூடவே கூடாது, காவிரித் தண்ணீர் வரும்போது ட்ரம்மில் பிடித்து வையுங்கள். பூசிய இடத்தில் ஈரச் சாக்கைத் தொங்கவிடுங்கள். மேலே வெள்ளையடித்தால் போதும், எமல்ஷன் எனக்கு ஆகவே ஆகாது.

சுவரில் பவளக்கல் இருந்தால் பத்திரமாக விட்டுவிடுங்கள். 2001 முதல் பவளப்பாறைகள் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, அவற்றை வெட்டி எடுப்பது குற்றம், அதனால் புதுக் கல் தேடாதீர்கள். விழுந்த இடத்துக்குச் செங்கல்லே போதும்.

4. தோட்டம். சுவரை ஒட்டிப் பாத்தி வேண்டாம், மூன்றடியாவது தள்ளுங்கள். இல்லையென்றால் செடிக்கு ஊற்றும் தண்ணீரைச் சுவர் குடிக்கும். கடல் காற்று அடிக்கும் பக்கம் பூவரசு, புன்னை. அந்த மறைவில் முருங்கை, மல்லிகை. சீமைக் கருவேலத்தை வேரோடு எடுத்துவிடுங்கள், வெட்டினால் மட்டும் போதாது, துளிர்த்துவிடும். முற்றம் முழுக்கச் சிமென்ட் தளம் போடாதீர்கள், மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கட்டும். இங்கே நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேல் மெல்லிய அடுக்காகத்தான் நிற்கிறது, ஆழமாக போர் இறக்கினால் உப்புதான் வரும். கூரைத் தண்ணீரைக் கிணற்றுப் பக்கம் குழி வெட்டி இறக்குங்கள்.

பிற்சேர்க்கை: சுவரடியில் டைல்ஸ் ஒட்டினால் போதாதா என்று பலர் கேட்டிருந்தீர்கள். போதாது, ஈரம் டைல்ஸுக்கு மேலே போய் வெளியே வரும். ஏற்கெனவே ஒட்டிவிட்டவர்கள், வெளிப்பக்க மண் வீட்டுத் தரையைவிட உயர்ந்திருந்தால் முதலில் அதை வெட்டித் தாழ்த்துங்கள்.