"வலிக்கலையே" என்று விட்டுவிடாதீர்கள்: இம்பிளான்ட் பல் வைத்தவர்கள் செய்யும் தவறுகள்

எங்கள் பெரியம்மாவுக்குக் கீழ்த்தாடை எலும்பில் இரண்டு இம்பிளான்ட் (டைட்டேனியம் திருகு) வைத்து, அதன்மேல் பல்செட் மாட்டிக் கொடுத்தார்கள். அதுவரை ஆடும் பல்செட்டோடு வாயைப் பொத்திப் பேசியவர், அந்த வாரமே வறுத்த கடலை கேட்டார். ஆறு மாதத்தில் கிளினிக் திகதி வந்தது. "நல்லாத்தானே இருக்கு புள்ள, ஒன்னோட ஒருநாள் சம்பளத்த விட்டுட்டு ஹட்டன்ல இருந்து பேராதனைக்கு எதுக்கு?" என்றார்.

முதல் தவறு அதுதான். பல் பிடித்துப்போனவர்கள்தான் கிளினிக்கை மறந்துவிடுகிறார்கள்.

சொந்தப் பல்லின் வேரைச் சுற்றி மெல்லிய நார் இருக்கும். கொஞ்சம் கூடுதலாகக் கடித்தாலே அது சொல்லிவிடும். டைட்டேனியம் திருகுக்கு அந்த நார் இல்லை, எலும்பு நேராக அதைப் பிடித்து நிற்கிறது. திருகு சொத்தையாகாதுதான். ஆனால் ஓரத்தில் அழுக்கு படிந்தால் முரசு (ஈறு) வீங்கி இரத்தம் கசியும். அந்தக் கட்டத்தில் சுத்தம் செய்தால் ஆறிவிடும். விட்டால் உள்ளே எலும்பு கரையும், பெரும்பாலும் வலியே இல்லாமல். எக்ஸ்ரேயில்தான் தெரியும். வலிக்குக் காத்திருக்காமல், துலக்கும்போது வரும் இரத்தத்தைக் கவனியுங்கள்.

வெற்றிலையை எப்படிச் சொல்வது? மலையில் குளிருக்கும் பேச்சுக்கும் அதுதான் துணை. ஆனால் பாக்கும் சுண்ணாம்பும் திருகின் கழுத்தில் தார் மாதிரி கெட்டிப்படும். வீட்டுப் பிரஷ்ஷுக்கு அசையாது. புகையிலையும் சேர்ந்தால் எலும்புக்கும் கேடு. பாக்கே புற்றுநோய் தருவது, அது தனிக்கதை. சீனி வருத்தம் கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

கரி, உப்புத்தூள் வேண்டாம். பல்செட்டில் கீறல் விழும், கீறலில் அழுக்கு குடியேறும். மென்மையான பிரஷ்ஷும் கொஞ்சம் சவர்க்காரமும் போதும். குளிர்கிறதென்று கேத்தலில் கொதித்த நீரை ஊற்றினால் பல்செட் வளைந்துவிடும். இரவில் கழற்றிப் பச்சைத் தண்ணீரில் போடுங்கள். கழற்ற முடியாத பல் என்றால், அடியில் நுழையும் குட்டிப் பிரஷ் எது என்று பல்வைத்தியரிடமே கேட்டு வாங்குங்கள்.

பல்செட் லூசானால் பலர் இம்பிளான்டே போய்விட்டது என்று பயப்படுகிறார்கள். பெரும்பாலும் தேய்வது பல்செட்டுக்குள் இருந்து திருகைப் பிடிக்கும் சின்ன நைலோன் வளையம்தான். ஒருவர் சூப்பர் குளூ போட்டு ஒட்டிக்கொண்டு வந்ததையும் பார்த்திருக்கிறேன். அது பல்செட்டையும் கெடுக்கும், முரசையும் புண்ணாக்கும். திருகே ஆடினால் மட்டும் ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள்.

பெரியம்மாவுக்கும் வளையம்தான் தேய்ந்திருந்தது. பல்செட்டை வாயில் வைத்துக் கடித்தே பொருத்துவாராம். அதனால் ஒருபக்கம் சீக்கிரம் போய்விட்டது. கதிரையில் உட்கார்ந்தபடியே மாற்றிவிட்டார்கள். இரண்டு பெருவிரலாலும் அழுத்தச் சொன்னார் டொக்டர். "டக்" என்றது. பெரியம்மா கழற்றி, இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தார்.