கெட்ட ரத்தம் என்று ஒன்று கிடையாது: புதிதாக உயிரியல் எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு வருஷமும் பி.எட். படிக்கிறவர்கள் எங்கள் பள்ளிக்குக் கற்பித்தல் பயிற்சிக்கு வருவார்கள். சுருட்டிய சார்ட், புது நோட்டு, தூக்கமில்லாத கண்கள். வடசென்னையில் ஓர் அரசு உதவி பெறும் பள்ளியில் 26 வருஷமாக உயிரியல் எடுக்கிறேன். அவர்கள் பாடம் நடத்தும்போது கடைசி பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுப்பதும் என் வேலைதான். அங்கே உட்கார்ந்தால்தான் தெரிகிறது: முன்னால் நிற்பது இருபத்துமூன்று வயதுப் பெண், ஆனால் வாயிலிருந்து வருகிற தவறு அப்படியே என்னுடையது. இதே வகுப்பறையில், இதே கரும்பலகைக்கு முன்னால் நான் விட்டுப்போனது.

பென்சிலால் வரையச் சொல்லுங்கள், பாகம் குறிக்கிற கோடுகள் ஒன்றையொன்று வெட்டக் கூடாது, கேள்வி எண்ணைச் சரியாகப் போடுங்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தது. அதை விட்டுவிடுகிறேன்.

மண்ணுக்கு அடியில் இருந்தால் வேரா?

முதல் வருஷம் நான் சொன்னது: "மண்ணுக்குக் கீழே இருக்கிறதெல்லாம் வேர்." காய்கறி வண்டிக்காரர் மகள் ஒருத்தி எழுந்து, "உருளைக்கிழங்குல கண்ணு இருக்குதே மிஸ், வேர்ல கண்ணு வருமா?" என்றாள். வராது. அந்தக் கண் என்பது மொட்டு; மொட்டு இருந்தால் தண்டு. அன்றைக்கு நான், "உட்காரு, அப்புறம் சொல்றேன்" என்றேன். அந்த அப்புறம் அடுத்த வாரம்தான் வந்தது, அதுவும் வீட்டில் புத்தகத்தைப் புரட்டிவிட்டு.

குழப்பம் தமிழிலேயே இருக்கிறது. உருளை, சேனை, சேம்பு, மரவள்ளி, சர்க்கரைவள்ளி எல்லாவற்றுக்கும் நாம் வைத்திருப்பது 'கிழங்கு' என்ற ஒரே சொல். முதல் மூன்றும் தண்டு, கடைசி இரண்டும் வேர். இஞ்சியும் மஞ்சளும் தண்டு. கேரட், முள்ளங்கி வேர். இந்தப் பாடத்துக்கு சார்ட் வேண்டாம், காலையில் மார்க்கெட்டுக்குப் போய் ஆளுக்கு ஒன்றாக வாங்கி வந்து பிள்ளைகள் கையில் கொடுங்கள். கணு, மொட்டு, செதில் இலை எங்கே என்று அவர்களே தேடட்டும். வெங்காயத்தைக் கடைசியாக எடுங்கள். நாம் சமைப்பது இலையின் அடிப்பகுதி. வேர் ஒட்டியிருக்கிறதென்று அடியில் அறுத்துக் குப்பையில் போடுகிறோமே ஒரு சின்ன வட்டு, அதுதான் தண்டு. இதைக் கேட்டு ஆச்சரியப்படாத வகுப்பை நான் இன்னும் பார்க்கவில்லை.

ராத்திரி மட்டும் மூச்சு விடுகிற செடி

"பகலில் ஒளிச்சேர்க்கை, இரவில் சுவாசம்" என்று எழுதிப் போடாதீர்கள். செடி 24 மணி நேரமும் சுவாசிக்கிறது. பகலில் ஒளிச்சேர்க்கையின் வேகம் அதைவிட அதிகம் என்பதால் வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான். புளியமரத்தடிப் பேய் பற்றிக் கட்டாயம் ஒருவன் கேட்பான். திறந்த வெளியில் மரம் விடுகிற கரியமில வாயு ஆளைக் கொல்லும் அளவுக்குத் தேங்காது. ஒரே அறையில் ஐந்து பேர் படுத்து எழுந்து வருகிற பிள்ளைகளுக்கு இதைப் புரியவைப்பது சுலபம்.

நல்ல ரத்தம், கெட்ட ரத்தம்

இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

போன மாதம் ஒரு பயிற்சி ஆசிரியை இதயம் எடுத்தார். சார்ட் அழகு. ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் நீலம். சிவப்பின் மேல் 'சுத்த ரத்தம்', நீலத்தின் மேல் 'அசுத்த ரத்தம்'. அதோடு விடவில்லை. "அதாவது நல்ல ரத்தம், கெட்ட ரத்தம்" என்று வாயாலும் சொன்னார். வகுப்பே தலையாட்டியது. மணி அடித்த பிறகு கூப்பிட்டுக் கேட்டேன். "பாடப்புத்தகத்துல ஆக்சிஜன் மிகுந்த, ஆக்சிஜன் குறைந்தன்னுதான் மேடம் இருக்கு. பிள்ளைங்களுக்குச் சுலபமா இருக்கட்டுமேன்னு..." என்று இழுத்தார்.

நானும் அந்தச் சுலபத்துக்காகத்தான் பல வருஷம் அப்படிச் சொன்னேன். பிள்ளைகள் சட்டென்று தலையாட்டுவார்கள். நாம் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். புரிந்ததால் ஆட்டவில்லை, அந்தச் சொல்லை ஏற்கெனவே வீட்டில் கேட்டிருப்பதால் ஆட்டுகிறார்கள்.

முதலில் மதிப்பெண் கணக்கைப் பார்ப்போம். தமனியில் சுத்த ரத்தம், சிரையில் அசுத்த ரத்தம் என்று சொல்லிவிட்டால், நுரையீரல் தமனியும் நுரையீரல் சிரையும் வந்ததும் மாட்டிக்கொள்வோம், அங்கே தலைகீழ். "இது மட்டும் விதிவிலக்கு" என்று இன்னொரு வரி சேர்க்க வேண்டும். கருவில் இருக்கிற குழந்தையின் கொப்பூழ்க்கொடிக்கு வந்தால் அங்கேயும் தலைகீழ்: தாயிடமிருந்து ஆக்சிஜன் கொண்டுவருவது கொப்பூழ்ச் சிரை. இன்னொரு விதிவிலக்கு. இத்தனை விதிவிலக்கு வந்தால் விதியே தப்பு என்றுதானே அர்த்தம்? தமனி என்பது இதயத்திலிருந்து வெளியே கொண்டுபோகிற குழாய், சிரை என்பது இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவருகிற குழாய். ஒன்றின் சுவர் தடிமன், அழுத்தம் அதிகம். மற்றதன் சுவர் மெல்லியது, கை கால் சிரைகளில் உள்ளே வால்வும் உண்டு. இப்படிச் சொன்னால் விதிவிலக்கே வேண்டியதில்லை.

அடுத்தது, எது சுத்தம்? ரத்தத்திலிருந்து யூரியா என்கிற கழிவை வடிகட்டுவது சிறுநீரகம். அதிலிருந்து வெளியே வருகிற சிறுநீரகச் சிரையில்தான் யூரியா மிகக் குறைவு. நம் சார்ட்டில் அது நீலம், 'அசுத்தம்'. சாப்பிட்ட பிறகு குடலிலிருந்து கல்லீரலுக்குப் போகிற போர்ட்டல் சிரையில் குளுக்கோஸும் அமினோ அமிலமும் நிறைந்திருக்கும். அதுவும் நீலம்தான். ஓய்வாக இருக்கிற ஒருவரின் உடலைச் சுற்றிவிட்டு இதயத்துக்குத் திரும்புகிற ரத்தத்திலும் ஹீமோகுளோபினில் நான்கில் மூன்று பங்கு ஆக்சிஜனோடுதான் இருக்கிறது. கொரோனா காலத்தில் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டி 97, 98 என்று பார்த்தோமே, அது தமனி ரத்தத்துக்கான எண். சிரை ரத்தத்துக்கு ஏறக்குறைய 75. பூஜ்யம் கிடையாது.

நீலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் உடம்பில் எங்கேயும் நீல ரத்தம் ஓடவில்லை. ஆக்சிஜன் குறைந்தால் கருஞ்சிவப்பு, அவ்வளவே. மணிக்கட்டில் நரம்பு மாதிரி நீலமாகத் தெரிவது தோலில் ஒளி சிதறித் திரும்புகிற விதத்தால். (அது சிரை. அதை 'நரம்பு' என்று சொல்வது இன்னொரு தலைவலி.) சென்னையில் மழைக்காலக் காய்ச்சலுக்கு ஒருமுறையாவது ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளாத பிள்ளை வகுப்பில் இருக்காது. "லேப்ல உன் முழங்கை மடிப்புல ஊசி போட்டு எடுத்தாங்களே, அது சிரை ரத்தம். நீலமாவா இருந்தது?" என்று கேளுங்கள். போதும்.

அட்டைப் பாடத்திலும் இதே வியாதி. உடலில் 33 கண்டங்கள் (வளையம் வளையமான பகுதிகள்) என்று சரியாக எழுதிவிட்டு, அடுத்த வரியில் "அட்டை கெட்ட ரத்தத்தை மட்டும் உறிஞ்சும்" என்று எழுதுகிறார்கள். அட்டை சலித்துப் பார்த்துக் குடிப்பதில்லை. அதன் உமிழ்நீரில் இருக்கிற ஹிருடின் ரத்தத்தை உறைய விடாது, கிடைத்ததைக் குடிக்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு மதிப்பெண், இரண்டு மதிப்பெண் விவகாரம். எனக்கு இன்னும் எரிச்சல் தீராத காரணம் வேறு.

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் 10-ஆம் வகுப்பில் ஒரு பெண். கடைசிப் பீரியடில் தூங்கிவிழுவாள். இரண்டாம் மாடிக்கு ஏறும்போது பாதிப் படியில் உட்கார்ந்துவிடுவாள். "இந்த வயசுல உனக்கென்ன சோம்பேறித்தனம்" என்று நானே இரண்டு முறை திட்டியிருக்கிறேன். உயிரியல் டீச்சர், வெளுத்துப்போன உதட்டையும் நகத்தையும் பார்க்கவில்லை. ஒருநாள் பிரேயரில் மயங்கி விழுந்தாள். பக்கத்து அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். ஹீமோகுளோபின் 6.4 கிராம். இந்த வயதுப் பெண்ணுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை, 8-க்குக் கீழே என்றால் கடுமையானது. டாக்டர் கேட்டபோதுதான் வெளியே வந்தது: மாதாமாதம் பத்து நாள், சில மாதம் அதற்கும் மேலே, அதிக உதிரப்போக்கு. ஒரு வருஷமாக.

அம்மா ஓடிவந்தார். டாக்டர் சத்தம் போட்டதும் அழுதுகொண்டே என்னைப் பார்த்துச் சொன்னார்: "கெட்ட ரத்தம்தானே டீச்சர், தங்கினாத்தான் கஷ்டம், போகட்டும்னு எங்க மாமியார் சொன்னாங்க." மாமியாரைக் குறை சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் கட்டிலில் கிடந்த பெண் மெதுவாகச் சொன்னாள். "நீங்களும் சொன்னீங்களே மிஸ். உடம்புல பாதி கெட்ட ரத்தம்னு."

சொல்லியிருந்தேன். கலர் சாக்பீஸில் வரைந்து காட்டியே சொல்லியிருந்தேன்.

மாதவிலக்கில் வெளியேறுவது கருப்பையின் உட்சுவரும் அதோடு சேர்ந்த ரத்தமும். உடம்பெல்லாம் ஓடுகிற அதே ரத்தம்தான். சில நேரம் கறுப்பாகத் தெரிவது, வெளியே வர நேரமாகிக் காற்றுப் பட்டு நிறம் மாறுவதால். அதில் உடம்பு கழித்துவிட நினைத்த அழுக்கு எதுவும் கிடையாது. போகிற ஒவ்வொரு சொட்டோடும் இரும்புச்சத்துதான் போகிறது. ஏழு நாளைத் தாண்டினாலோ, மணிக்கொரு முறை நாப்கின் மாற்ற வேண்டியிருந்தாலோ, டாக்டரிடம் காட்ட வேண்டும். இனப்பெருக்கப் பாடத்தில் இந்த நான்கு வரி வருகிற இடத்தில் பாதிப் பேர் "வீட்டுல படிச்சுக்கோங்க" என்று தாண்டிவிடுகிறோம். தாண்டாதீர்கள். பையன்கள் இருக்கும்போதே சொல்லுங்கள். அவர்கள் வீட்டிலும் அக்கா, தங்கை உண்டு.

அவளுக்கு இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். பக்கத்தில் நின்று அந்தப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது: தானம் கொடுத்தவர் கையில் அதைச் சிரையிலிருந்துதான் எடுத்திருப்பார்கள். என் சார்ட்டின்படி அது அசுத்த ரத்தம்.

பயிற்சி ஆசிரியையிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. 'சுத்த', 'அசுத்த' இரண்டின் மேலும் வெள்ளைத் தாளை ஒட்டிவிட்டு நாளைக்கு மறுபடி எடுக்கச் சொன்னேன். எடுத்தார். ஒரு பையன், "நேத்து கெட்ட ரத்தம்னீங்களே மிஸ்?" என்று கேட்டான். "நேத்து நான் சொன்னது தப்பு" என்றார். அதைச் சொல்ல எனக்கு 14 வருஷம் ஆனது.

இதயத்தின் இடது, வலது

படம் உங்களைப் பார்த்து நிற்கிற ஆள். அவர் இடது, உங்கள் வலது.

ஃபுளோயம் கீழே மட்டும் போகாது

செடியில் தண்ணீர் கொண்டுபோகிற சைலத்துக்கு மேல்நோக்கி ஓர் அம்பு, சர்க்கரை கொண்டுபோகிற ஃபுளோயத்துக்குக் கீழ்நோக்கி ஓர் அம்பு போட்டு முடித்துவிடுகிறோம். சைலத்துக்குச் சரி. ஃபுளோயத்தில் சர்க்கரை, தயாராகிற அல்லது சேமித்த இடத்திலிருந்து தேவைப்படுகிற இடத்துக்குப் போகும். அது மேலேயும் இருக்கலாம். கூடையில் மறந்துபோன உருளைக்கிழங்கு முளை விட்டிருக்குமே, அந்த முளைக்குச் சாப்பாடு எங்கிருந்து வந்தது? கேட்டுப் பாருங்கள்.

எல்லாம் 'கிருமி' இல்லை

டெங்கு வைரஸ், டைஃபாய்டு பாக்டீரியா, மலேரியா பிளாஸ்மோடியம் என்கிற ஒருசெல் உயிரி. மூன்றையும் கிருமி என்று சொல்லிப் பழக்கினால், எந்தக் காய்ச்சலுக்கும் மெடிக்கலில் ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போடுகிற ஆள்தான் உருவாவார். வைரஸை அந்த மாத்திரை ஒன்றும் செய்யாது.

கொசுவும் அப்படித்தான். கூவம் ஓரத்துப் பிள்ளைகளிடம் டெங்கு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் கூவத்தைக் காட்டுவார்கள். சாக்கடைத் தண்ணீரில் பெருகுவது கியூலெக்ஸ். டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் பெரும்பாலும் பகலில் கடிக்கும். தெளிந்த தண்ணீரில்தான் முட்டையிடும். வீட்டு ஃபிரிட்ஜின் பின்னால் இருக்கிற தட்டு, மூடாத டிரம், மாடியில் கிடக்கிற தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர். நம் ஊரில் மலேரியாவைப் பரப்புகிற அனாஃபிலஸுக்கு மேல்நிலைத் தொட்டியும் கிணறுமே போதும். வீட்டுப்பாடமாக ஃபிரிட்ஜின் பின்னால் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

குளுக்கோஸ், கிளைக்கோஜன், குளுக்ககான்

மூன்றையும் ஒரே நாளில் எழுதிப் போடாதீர்கள்.

நீல மாத்திரை

வளரிளம் பிள்ளைகளுக்கு வாரம் ஒருமுறை பள்ளியில் கொடுக்கிற இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரை நீல நிறத்தில் இருக்கும். பெயரைக் கூப்பிட்டு, கையில் கொடுத்து, டிக் அடித்துவிட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், எனவே மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள். டீயோடு சேர்த்தால் இரும்பு சரியாக உடம்பில் சேராது. மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம் என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்; சொல்லாவிட்டால் அடுத்த வாரம் யாரும் முழுங்க மாட்டார்கள். எல்லாரும் முழுங்கிவிட்டார்கள் என்று நானும் பல வருஷம் டிக் அடித்துக்கொண்டுதான் இருந்தேன், எங்கள் ஆயாம்மா ஒருநாள் வகுப்பு ஜன்னலுக்குக் கீழே பாதாம் மரத்தடியில் பெருக்கிய குப்பையை முறத்தோடு கொண்டுவந்து என் மேஜையில் வைக்கும்வரை. பாதி இலை, பாதி நீலம்.