50470-ஐப் பகாக் காரணிகளாகப் பிரிப்பது எப்படி?

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதி முகவரியில், ஊர்ப்பெயருக்கு முன்னால் வரும் அஞ்சல் குறியீடு 50470. அதை ஒரு முழு எண்ணாக எடுத்துக்கொண்டு பிரிப்போம். தாளும் பென்சிலும் போதும்.

படி 1: எல்லை குறித்தல்
224 × 224 = 50176; 225 × 225 = 50625. ஓர் எண்ணை இரண்டு காரணிகளின் பெருக்கலாக எழுதினால், அவற்றில் சிறியது அந்த எண்ணின் வர்க்கமூலத்தைத் தாண்டாது. ஆகவே 224-க்கு மேற்பட்ட பகா எண்களைச் சோதிக்கவே வேண்டாம். ஒவ்வொரு முறை வகுத்த பிறகும் இந்த எல்லை இன்னும் சுருங்கும்.

படி 2: எளியவற்றை எடுத்தல்
கடைசி இலக்கம் 0 என்பதால் 2, 5 இரண்டாலும் வகுபடும். மீதம் நிற்பது 5047. இலக்கங்களைக் கூட்டினால் 16, ஆகவே 3 கிடையாது. புதிய எல்லை 71.

படி 3: ஏழால் சோதித்தல்
கடைசி இலக்கத்தை இரட்டித்து, முன்பகுதியிலிருந்து கழியுங்கள்: 504 − 14 = 490. இது 7-இன் மடங்கு. எனவே 5047-உம் அப்படியே. காரணம் எளிது. முன்பகுதி அ, கடைசி இலக்கம் ஆ என்றால், 10அ + ஆ = 10(அ − 2ஆ) + 21ஆ. 21 எப்போதும் ஏழால் வகுபடும். ஆகவே அடைப்புக்குள் இருப்பதே முடிவைத் தீர்மானிக்கிறது.

5047 ÷ 7 = 721. பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். ஏழு முடிந்தது என்று நினைத்து 11, 13, 17, 19, 23 என்று போவார்கள். எதுவும் வகுக்காது. எல்லை 26 தாண்டிவிட்டதால் 721-ஐப் பகா எண் என்று எழுதிவிடுவார்கள். அது தவறு. ஒரு பகா எண் வகுத்தால், அதே எண்ணால் மறுபடியும் சோதியுங்கள்: 72 − 2 = 70. ஆக 721 = 7 × 103. 103-க்கு எல்லை 10. 2, 3, 5, 7 எதுவும் வகுக்காததால் அது பகா எண்.

50470 = 2 × 5 × 7² × 103

படி 4: வகுத்திகளை எண்ணுதல்
ஒவ்வோர் அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்குங்கள்: 2 × 2 × 3 × 2 = 24. இரண்டு ஏழுகளையும் தனித்தனியாகக் கணக்கிட்டால் 32 வரும். ஒரே வகுத்தியை இருமுறை எண்ணியதன் விளைவு அது. வகுத்திகளின் கூட்டுத்தொகை 3 × 6 × 57 × 104 = 106704. இதில் 50470-ஐக் கழித்தாலும் 56234 நிற்கிறது. அது மூல எண்ணைவிடப் பெரியது என்பதால் 50470 ஒரு மிகையெண்.

படி 5: இன்னோர் எண்ணோடு ஒப்பிடுதல்
மலாயா விடுதலை பெற்ற மெர்டேக்கா ஆண்டான 1957-ஐ எடுங்கள். யூக்ளிட் முறையில் காரணி எதுவும் தெரியாமலே மிகப் பெரிய பொதுக் காரணியைக் காணலாம். பெரியதைச் சிறியதால் வகுத்து, மீதியை வைத்துத் தொடருங்கள்:

50470 = 25 × 1957 + 1545
1957 = 1 × 1545 + 412
1545 = 3 × 412 + 309
412 = 1 × 309 + 103
309 = 3 × 103

மீதி பூச்சியமாகும்போது வகுத்த எண்ணே விடை: 103. உண்மையிலேயே 1957 = 19 × 103; அழகான பொருத்தம். 721-ஐப் பகா எண் என்று யாராவது எழுதியிருந்தால், அவருடைய பட்டியலில் 103 இருக்காது. பிழை எந்த வரியில் என்பதை இந்த ஐந்து வகுத்தல்களே காட்டிவிடும்.