வயிற்றுப்புண்ணுக்குச் சுக்ரால்ஃபேட் குடிக்கும் முறை

கோத்தகிரிப் பக்கம் கொழுந்து பறிக்கப் போகிறவர்களிடம் வயிற்றுப்புண் என்று பேச்செடுத்தால், பாதி குடித்து அலமாரியில் வைத்த சிரப் புட்டி ஒன்று பல வீடுகளில் வெளியே வரும். பெரும்பாலும் அது சுக்ரால்ஃபேட்டாக இருக்கும். சாப்பிட்ட கையோடு குடித்துவிட்டு, "கேட்கவில்லை" என்று நிறுத்தியிருப்பார்கள். மருத்துவர் இம்மருந்தை எழுதிக் கொடுத்த பின் வீட்டில் அதை எப்படிக் கையாள வேண்டும் என்பதை, முதன்முறையாகக் குடிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில், மருந்து என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

சுக்ரால்ஃபேட் வயிற்று அமிலம் பட்டவுடன் பசைபோலக் குழைந்து, புண்ணில் கசியும் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு, அமிலமும் செரிமான நொதியும் அந்த இடத்தை அரிக்காதபடி மூடி நிற்கிறது. அந்த மூடலுக்குள் புண் தானாக ஆறுகிறது. வயிற்றில் சோறு இருந்தால், மருந்து சோற்றிலுள்ள புரதத்தோடு ஒட்டிக்கொண்டு புண்ணுக்குப் போய்ச் சேராது. வெறும் வயிறு என்ற நிபந்தனை இதனால்தான்.

இரண்டாவது, நாளைப் பங்கிடுங்கள்

பெரியவர்களுக்கு வழக்கமாக 1 கிராம் வீதம் நாளுக்கு 4 வேளை எழுதுவார்கள். மூன்று வேளை உணவுக்கு ஒரு மணி நேரம் முன்பும், இரவு படுக்கும் முன்பும் குடிக்க வேண்டும். 1 கிராம் எத்தனை மில்லி என்பது புட்டிக்குப் புட்டி மாறலாம் என்பதால் லேபிளைப் படித்து, நன்றாகக் குலுக்கி, மூடியோடு வரும் அளவுக் கோப்பையில் ஊற்றுங்கள். சமையல் கரண்டி வேண்டாம்.

காலை 5 மணிக்கு எழுபவர் அப்போதே மருந்தைக் குடித்துவிட்டு, தேநீரையும் பலகாரத்தையும் 6 மணிக்குத் தள்ளி வைக்கலாம். நம் ஊர்க் குளிரில் எழுந்தவுடன் டீ இல்லாமல் ஒரு மணி நேரம் இருப்பது பெரிய பாடு என்பதை நான் அறிவேன். ஆனாலும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் மருந்து புண்ணில் போய் ஒட்டிக்கொள்கிறது. மதிய வேளை தோட்டத்திலேயே கழிகிறவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். மாத்திரையாக மாற்றுவதா, எழுந்தவுடனும் படுக்கும்போதும் 2 கிராமாகக் கொடுப்பதா என்று அவர் முடிவு செய்வார். ஒரு வேளை தவறினால் அடுத்த வேளை இரட்டிப்பாகக் குடிக்கக் கூடாது.

மருந்து உறையக் கூடாது. மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும் உதகைப் பள்ளத்தாக்குகளில் இருப்பவர்கள் புட்டியைத் திண்ணையிலோ சன்னல் விளிம்பிலோ இரவில் விடாதீர்கள்.

மூன்றாவது, மற்ற மருந்துகளிலிருந்து விலக்கி வையுங்கள்

அதிகம் தவறு நடப்பது இங்கேதான். புண்ணில் ஒட்டும் அதே பசை மற்ற மாத்திரைகளையும் பிடித்துக்கொள்ளும். என் தாயார் தைராய்டு மாத்திரையையும் இதையும் ஒரே வாய்த் தண்ணீரில் விழுங்கி வந்தார். சில வாரங்களில் உடல் சோர்ந்து, தைராய்டுப் பரிசோதனை மாறிப்போன பிறகுதான் எங்களுக்குக் காரணம் புரிந்தது. தைராய்டு மாத்திரையான தைராக்சினுக்கும் இதற்கும் 4 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின், டெட்ராசைக்ளின் ஆகிய ஆன்டிபயாடிக்குகள், இதயத்துக்கான டிகாக்சின், வலிப்புக்கான ஃபெனிடாயின் போன்றவற்றுக்கு 2 மணி நேரம். அமிலத்தை முறிக்கும் ஜெலுசில் போன்றவற்றை முன்னும் பின்னும் அரை மணி நேரம் தள்ளுங்கள். அமிலச் சுரப்பைக் குறைக்கும் பான்டோப்ரசோலும் எழுதியிருந்தால், அதை விழுங்கி அரை மணி நேரம் கழித்து இதைக் குடியுங்கள்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இதிலுள்ள அலுமினியம் உடலில் தங்கிவிடக்கூடும். அவர்களும் நீரிழிவுக்காரர்களும் கர்ப்பிணிகளும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மலச்சிக்கல் வரலாம், தண்ணீரையும் கீரையையும் கூட்டிக்கொண்டால் பலருக்கும் சரியாகும்.

நான்காவது, புண்ணுக்குக் காரணத்தைத் தேடுங்கள்

வயிற்றுப்புண் காரத்தாலும் பட்டினியாலும்தான் வருகிறது என்று நெடுங்காலம் நம்பினோம். பெரும்பாலான புண்களுக்கு ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியோ வலி மாத்திரைகளோதான் காரணம். அந்தக் கிருமியைக் கண்டறிந்த பாரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. கிருமி இருந்தால் ஆன்டிபயாடிக் மருந்துகளை முழுவதும் முடிக்க வேண்டும். சுக்ரால்ஃபேட் மட்டும் அதைக் கொல்லாது. மேட்டிலும் சரிவிலும் நாள் முழுதும் நின்று முதுகு நோகிறவர்கள் கடையில் கேட்டு வாங்கிப் போடும் மேல்வலி மாத்திரைகளில் டைக்ளோஃபெனாக்கும் ஐபுப்ரோஃபெனும் அடிக்கடி இருக்கின்றன. ஒரு கையால் புண்ணை மூடிக்கொண்டு மறுகையால் அதைக் கிளறுவது போன்றது இது. மாத்திரை அட்டையைக் கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டி மாற்று கேளுங்கள். இதயத்துக்காக ஆஸ்பிரின் போடுகிறவர்கள் மட்டும் தாங்களாக நிறுத்தக் கூடாது.

புண் ஆற 4 முதல் 8 வாரம் ஆகும். சில சிரப்புகளில் வலியை மரக்கச் செய்யும் ஆக்சிட்டகெய்னும் சேர்ந்திருப்பதால், வலி சீக்கிரம் குறைந்தாலும் சொன்ன நாள் வரை குடியுங்கள்.

எப்போது காத்திருக்கக் கூடாது

இரத்த வாந்தி, காப்பித்தூள் போன்ற வாந்தி, தார்போலக் கறுத்த மலம், திடீரென வயிறு பலகைபோல் இறுகும் வலி, மயக்கம் ஆகியவை வந்தால் சிரப்பைத் தேடாதீர்கள். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும். ஆனால் பிசுபிசுப்பும் கெட்ட நாற்றமும் சேர்ந்திருந்தால் இரத்தக் கசிவென்றே எடுத்துக்கொள்ள வேண்டும். மலைப்பாதையில் பெரிய மருத்துவமனை போய்ச் சேர நேரம் பிடிக்கும் என்பதால், விடிந்ததும் முதல் பேருந்தில் போகலாம் என்று இருக்காமல் இரவிலேயே 108ஐ அழையுங்கள். கிளம்பும்போது மருந்துச் சீட்டையும், வலி மாத்திரை உட்பட வீட்டிலுள்ள எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.